மூட்டையின் மேல் முத்திரை!

மலைமேல் மணப்பது காப்பி. மலையடியில் மணக்க வேண்டியது கல்வி!

சேர்வராயன் மலைச் சரிவிலே காப்பிப் பழம் சிவக்கிறது. மலைக்குக் கீழே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையோரம், கருப்பூரிலே நிற்கிறது தந்தை பெரியாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். மேலே விளைவதற்கும் தரம் உண்டு. கீழே விளைவதற்கும் தரம் உண்டு. காப்பியின் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஏற்காட்டுத் தோட்டத்திலே கூலிக்குப் பழம் பறிக்கும் தாயைக் கேட்டால் சொல்லிவிடுவாள். பட்டத்தின் தரத்தைப் பார்ப்பவர் யார்? எப்போது பார்க்கிறார்? எங்கே நின்று பார்க்கிறார்? இந்த மூன்று கேள்விகளையும் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

தரம் யார் சொல்?

'தரம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோழர்களில் பலர் புருவத்தை நெரிப்பார்கள். நெரிப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சொல் நம் வீட்டு வாசலுக்கு நல்ல விருந்தாளியாக வந்ததே இல்லை. "எல்லோரையும் படிக்க விட்டால் தரம் கெடும்" என்றார்கள். "இடம் ஒதுக்கினால் தரம் தாழும்" என்றார்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புரிமை ஆணை 1951-ல் உச்ச நீதிமன்றத்திலே வீழ்ந்தது, தமிழகம் கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. தொழிற்கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வை 2007-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றி நீக்கியது. அப்போதும் "தகுதி போயிற்று, தரம் போயிற்று" என்ற புலம்பல் எழுந்தது.

விளைவு என்ன? 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.4. கதவு திறந்தது, கூட்டம் உள்ளே நுழைந்தது. நெசவாளி மகன் நுழைந்தான். லாரி ஓட்டுநர் மகள் நுழைந்தாள். காப்பித் தோட்டத்துக் கூலியின் பிள்ளையும் நுழைந்தான்.

கதவைத் திறந்துவிட்டோம், சரி. உள்ளே போனவனுக்குக் கிடைப்பது என்ன?

வசதி படைத்தவன் வீட்டிலே பட்டம் ஒரு பதக்கம். அது மட்டமாக இருந்தாலும் மாமன் வைத்திருக்கும் கம்பெனி இருக்கிறது. அப்பன் சேர்த்து வைத்த ஆஸ்தி இருக்கிறது. உழைப்பவன் வீட்டிலே பட்டமேதான் நிலம், பட்டமேதான் வீடு, பட்டமேதான் அடகு வைக்க முடியாத நகை! அந்த நகை பித்தளை என்று பின்னாளில் தெரிந்தால், அழப்போவது யார்? தரம் கெட்ட பட்டத்தால் முதலில் ஏமாறுபவன் ஏழைதான். ஆகவே, தோழர்களே, 'தரம்' என்ற சொல்லை எதிரியின் கையிலே விட்டு வைக்கக் கூடாது. அது நம் சொல். நாம் கேட்க வேண்டிய சொல். அவர்கள் அதை வாசலில் நிறுத்தி நம்மைத் தடுத்தார்கள். நாம் அதை வகுப்பறைக்குள் நிறுத்தி நம் பிள்ளைகளுக்குக் காவல் வைக்க வேண்டும்.

தொட்டியில் மிதப்பது

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளையர் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்று முதல் அந்த மலையிலே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. கட்டடம் இல்லாத பள்ளிக்கூடம். தரம் பார்க்கக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம்.

செடியிலே பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்ததைப் பறிக்க வேண்டும். பச்சையை விட்டுவிட வேண்டும். பறிக்கும் கை அங்கேயே தரம் பார்க்கிறது. கூடையைக் கொட்டியதும் பச்சையும் கறுப்புமாக வந்தவற்றைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். அது இரண்டாம் பார்வை. பிறகு தண்ணீர்த் தொட்டியிலே போடுகிறார்கள். நல்ல பழம் முழுகும்; உள்ளே சொத்தையான பழம் மிதக்கும். மிதப்பதை அள்ளித் தனியே போட்டுவிடுகிறார்கள். அது மூன்றாம் பார்வை. தோலை நீக்கி, புளிக்க வைத்து, அலசி, களத்தில் உலர்த்தி அனுப்புகிறார்கள். அதன்பின் பதப்படுத்தும் ஆலையிலே சல்லடையிட்டு அளவு பிரித்து, ஏ என்றும் பி என்றும் பீபெரி என்றும் பெயர் சூட்டுகிறார்கள். மூட்டையின் மேல் முத்திரை விழுவது கடைசியில்!

முத்திரை குத்துகிறவன் மட்டும் தரம் பார்த்தால் போதும் என்று எந்தத் தோட்டத்திலாவது விட்டுவிடுவார்களா? தொட்டியில் மிதந்ததைக் கண்டும் காணாமல் மூட்டை கட்டிவிட்டு, "ஏ முத்திரை குத்தியாயிற்று" என்றால், காய்ச்சிக் குடிக்கிறவன் நாக்கு ஒப்புமா?

பல்கலைக்கழகத்திலே மூட்டைக்கு முத்திரை குத்தும் சபைக்கு 'நாக்' என்று பெயர். தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு என்பது அதன் முழுப்பெயர். 1994-ல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்தது; தலைமையகம் பெங்களூர். பாடத்திட்டம், கற்பித்தலும் தேர்வும், ஆராய்ச்சி, கட்டட வசதி, மாணவர் உதவி, நிர்வாகம், நற்பண்பும் நல்வழக்கமும் என ஏழு தலைப்பிலே அது மதிப்பெண் போட்டு வந்தது. நான்குக்கு 3.51-ம் அதற்கு மேலும் வாங்கினால் 'ஏ பிளஸ் பிளஸ்' என்று வைத்திருந்தது. அதற்கு மேலே படி இருக்கவில்லை.

பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பர் 17-ல், பெரியார் பிறந்த நாளிலே, நிறுவப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டத்து மக்களின் பிள்ளைகள் அதன் பட்டத்தைக் கையில் வாங்குகிறார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளிலே, 2021-ல், நாக் சபை அதற்கு 3.61 புள்ளி கொடுத்தது. ஏ பிளஸ் பிளஸ்! வாசலிலே பெருமை; வட்டாரத்துக்கே பெருமை. அந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. பாடுபட்டவர்கள் வாங்கிய புள்ளி அது.

அடுத்த ஆண்டு நடந்தது என்ன?

ஒரு வினாத்தாள்

2022 ஜூலை. முதுகலை வரலாறு, இரண்டாம் பருவத் தேர்வு. '1800 முதல் 1947 வரை தமிழ்நாட்டின் விடுதலை இயக்கம்' என்பது பாடம். வினாத்தாளிலே ஒரு கேள்வி: தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது? விடையாக நான்கு பெயர். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்!

அந்த நான்கு பெயர்களையும் இங்கே அச்சிட மாட்டோம். யாருடைய பல்கலைக்கழகம்? "மனிதரில் தாழ்ந்தவன் என்று ஒருவன் இல்லை" என்று ஊர் ஊராக, தள்ளாத வயதிலும் மேடையேறிச் சொன்ன ஒரு கிழவரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம்! அங்கே, தேர்வு மண்டபத்திலே, ஒரு மாணவன் தன் சமூகத்தின் பெயரைத் தானே பார்த்து, "இதுதான் தாழ்ந்தது" என்று குறியிட்டு மதிப்பெண் வாங்க வேண்டுமாம்! இப்படியொரு தேர்வு எங்கே உண்டு?

கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். கேள்வியைக் கேள்வியாக மட்டும் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டைப் பற்றிய கேள்விக்கு விடையாகக் கொடுத்த நான்கில் ஒன்று, மராட்டிய மண்ணிலே வாழும் சமூகத்தின் பெயர். விடுதலை இயக்கத்தின் வரலாற்றைக் கற்றவனிடம் கேட்கவேண்டியது, யார் போராடினார்கள், ஏன் போராடினார்கள், விடுதலை யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது. கேட்டதோ சாதிப் பட்டியல். ஆகவே அது நெறியிலும் பிழை, அறிவிலும் பிழை. தொட்டியிலே போட்டிருந்தால் உடனே மிதந்திருக்கும்!

போட்டார்களா? இல்லை. வினாத்தாளை வேறு கல்லூரி ஆசிரியர்கள் தயாரிக்கிறார்கள். முன்கூட்டியே வெளியாகிவிடக் கூடாது என்பதற்காகத் தேர்வுக்கு முன்னே நாங்கள் அதைப் படிப்பதில்லை. இதுதான் பல்கலைக்கழகத் தரப்பிலே அன்று சொன்ன விளக்கம். கண்டனம் எழுந்தது; உயர்கல்வித் துறை விசாரணைக்கு ஏற்பாடு செய்தது.

அந்த விளக்கத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள், தோழர்களே. எழுதியவர் கை ஒன்று. அதற்கு அடுத்தபடியாகப் படித்த கண், தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மாணவனின் கண்! இடையிலே ஒரு கண்ணும் இல்லை. பறித்த கையே மூட்டையைக் கட்டிவிட்டது. நடுவிலே தொட்டியும் இல்லை, சல்லடையும் இல்லை. எழுதிய ஒருவர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவது எளிது. ஒருவர் தவறுவார்; மனிதர் தவறுவது இயற்கை. அந்தத் தவறு அச்சாகி மண்டபம் வரை நடந்து போக வழிவிட்டது எது? அந்த வழியை அடைப்பதற்குப் பெயர்தான் தர உறுதி.

"படித்தால் வெளியாகிவிடும்" என்கிறார்களே, அது மெய்தானா? நல்லவேளையாக இந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்டு இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. இங்கிலாந்திலே 1832-ல் டர்ஹாம் பல்கலைக்கழகம் பிறந்தது. புதிய பல்கலைக்கழகத்தின் பட்டத்தை யார் நம்புவார்கள்? ஆகவே ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை அழைத்து வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் பிரிட்டன் முழுவதும் பரவி, 'வெளித் தேர்வாளர்' என்ற முறையாக வேரூன்றிவிட்டது. ஒரு துறை நடத்தும் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் வேறு பல்கலைக்கழகத்து அறிஞர் ஒருவர் உண்டு. வினாத்தாளின் வரைவைத் தேர்வுக்கு முன்பே அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம். திருத்திய விடைத்தாள்களில் சிலவற்றை எடுத்து அவர் பார்ப்பார். ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். காட்டுகிறார்கள், இரகசியமும் காக்கிறார்கள்! பூட்டும் சாவியும் கண்டுபிடித்த மனிதனுக்கு, பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு தாளைப் படிக்க வழி தெரியாதா?

காகிதத்தில் நிற்கும் ஆசிரியர்

முத்திரையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இரண்டு சான்று. 

2024 ஜூலையிலே அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளிலே, ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார். இப்படி 300-க்கும் மேற்பட்டவர்கள்! ஒரு மனிதர் பத்துக் கல்லூரியிலே ஒரே வேளையில் பாடம் நடத்த முடியுமா? காகிதத்தில் முடியும். ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தது காகிதத்தை. வகுப்பறையில் பிள்ளை பார்த்ததோ காலி நாற்காலியை!

2025 பிப்ரவரியிலே ஆந்திரத்தில் இன்னொன்று. குண்டூர் மாவட்டத்துத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை மதிப்பிடச் சென்ற நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும், நல்ல தரம் கொடுக்க இலஞ்சம் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டி, மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: சில நாளைக்கு வந்து போகிறவர்களின் கையில் மட்டும் தரத்தை ஒப்படைத்தால், அந்தக் கை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்ததாகிவிடும் நம் பிள்ளைகளின் எதிர்காலம்.

நாக் வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. 2017-ல் வந்த முறைப்படி, மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிறுவனம் அனுப்பும் புள்ளிவிவரத்தை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. மீதிக்குத்தான் குழுவினர் நேரில் வந்தார்கள். ஒவ்வொரு துறையின் ஒவ்வொரு வினாத்தாளையும் திறந்து பார்ப்பது அவர்கள் வேலையும் அன்று. அவர்களால் முடிகிற காரியமும் அன்று. அது துறையின் வேலை. அந்தந்தத் துறையிலே, அந்தந்தப் பட்டப்படிப்பிலே, அன்றாடம் நடக்க வேண்டிய வேலை.

பட்டம் உண்டு, வேலை இல்லை

துறை விழிப்பாக இல்லாவிட்டால் விளையும் கேட்டில் மற்றொன்று சொல்கிறோம். இது வெளியே தெரியாத கேடு. வீட்டுக்குள் புகுந்து அழவைக்கும் கேடு.

புதிய படிப்பு ஒன்றைத் தொடங்குகிறார்கள். பெயர் பளபளப்பாக இருக்கிறது. மாணவன் சேர்கிறான், மூன்றாண்டு படிக்கிறான், தேறுகிறான். அரசு வேலைக்கு விளம்பரம் வருகிறது, விண்ணப்பம் போடுகிறான், எழுத்துத் தேர்விலும் வெல்கிறான். சான்றிதழ் சரிபார்க்கும் நாளிலே அதிகாரி சொல்கிறார்: "தம்பி, நாங்கள் கேட்ட பட்டத்தின் பெயர் வேறு, உன் பட்டத்தின் பெயர் வேறு. இது அதற்கு இணை என்று அரசாணை இருக்கிறதா?" தேடிப் போனால், "இணையானது அன்று" என்றே ஆணை இருக்கும் பட்டங்களும் உண்டு. பிள்ளை படித்ததும் மெய், தேறியதும் மெய், பெற்றவன் கடன்பட்டதும் மெய். பட்டம் மட்டும் செல்லாக்காசு!

படிப்பைத் தொடங்குமுன்பே, அது எந்தப் பட்டத்துக்கு இணை, எந்த வேலைக்குச் செல்லும் என்று கேட்டு, ஆணை வாங்கி வைக்க வேண்டியவர் யார்? அந்தத் துறையும், அதன் பாடத்திட்டக் குழுவும், அதற்கு மேலுள்ள கல்விப் பேரவையும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தறி நெய்யும் தகப்பனுக்கு எப்படித் தெரியும்?

இங்கே மலையை மறுபடியும் நிமிர்ந்து பாருங்கள். ஏற்காட்டிலே புகழ்பெற்ற பள்ளிகள் நூறாண்டுக்கு முன்பே எழுந்தன. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-ல். மான்ட்போர்ட் பள்ளி 1917-ல். வெளியூர்ப் பிள்ளைகள் படிப்புக்காக மலை ஏறினார்கள். மலையிலேயே பிறந்த பழங்குடிப் பிள்ளைகளோ பட்டப்படிப்புக்காக மலை இறங்குகிறார்கள். நாகலூரிலும் வாழவந்தியிலும் மாரமங்கலத்திலும் வாழ்கிறார்களே, மலையாளி என்ற பழங்குடியினர் (பெயரைக் கேட்டுக் கேரளத்தாரென்று எண்ண வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்), அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி முதன்முதலாகக் கல்லூரிக்குப் புறப்படுகிறாள் என்று வையுங்கள். கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் சேலம். வழிகாட்ட வீட்டிலே படித்த அண்ணன் இல்லை. விசாரிக்கத் தெரிந்த சித்தப்பா இல்லை. அவள் நம்புவது ஒன்றை மட்டுமே: பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், அவர்கள் ஏமாற்ற மாட்டார்கள்! அந்த நம்பிக்கைக்குப் பெறுமானம் உண்டா இல்லையா? அவள் கையிலே கொடுக்கும் பட்டம் அந்த நம்பிக்கைக்கு ஈடாக இருக்க வேண்டாமா?

ஆறு கேள்வி

எனவே, தோழர்களே, முழங்குவதோடு நிற்கக் கூடாது, கேட்கவும் வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளை எந்தத் துறையில் படிக்கிறதோ, அந்தத் துறையிடம் ஆறு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்தப் படிப்பின் பாடத்திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? பழைய பாடத்தில் எதை நீக்கியது, எதைச் சேர்த்தது, ஏன்?

இரண்டு: வினாத்தாளை எழுதியவர் தவிர, தேர்வுக்கு முன்னே அதைப் படிப்பவர் யார்? பாடத்துக்கு உட்பட்டதா, பிழையற்றதா, யாரையும் இழிவுபடுத்தாததா என்று பார்த்துக் கையெழுத்திடுபவர் யார்?

மூன்று: துறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை? நிலையான பணியில் இருப்பவர் எத்தனை? தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுபவர் எத்தனை? நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியரிடம், நாளைய தலைமுறையை உருவாக்கு என்று சொல்வது எந்த நியாயம்?

நான்கு: பருவத்துக்குப் பருவம் மாணவரிடம் கருத்துக் கேட்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எதை மாற்றினீர்கள்? மாற்றியதை மாணவருக்குத் திரும்பச் சொன்னீர்களா?

ஐந்து: சென்ற ஆண்டு பட்டம் வாங்கியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பாதியில் நின்றவர்கள் யார்? ஏன் நின்றார்கள்?

ஆறு: இந்தப் பட்டத்துக்கு இணைச் சான்று ஆணை உண்டா? உண்டென்றால் சேர்க்கை விண்ணப்பத்திலேயே அதை அச்சிடத் தடை என்ன?

கேட்டால் சொல்வார்களா என்று தயங்க வேண்டாம். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளிலே எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் தன் தர அறிக்கையை நாக் சபைக்கு அனுப்புகிறது. அதைத் தன் இணையத்தளத்திலும் வெளியிடுகிறது. படிப்பகத்திலே நாலு பேர் உட்கார்ந்து அதைப் படியுங்கள். அறிக்கையில் சொன்னது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா என்று, அங்கே படிக்கும் நம் பிள்ளையிடமே கேளுங்கள்.

"பல்கலைக்கழக விஷயத்தில் உழைப்பாளிக்கு என்ன வேலை?" என்று எவரேனும் கேட்கலாம். சொல்லுங்கள்: கட்டடத்துக்குக் கல் சுமந்தவன் உழைப்பாளி, வரி கட்டியவன் உழைப்பாளி, பிள்ளையை அனுப்பியவன் உழைப்பாளி. நூலின் நம்பர் குறைந்தால் தறிக்காரன் கேட்கிறான். வெள்ளியின் டச் குறைந்தால் கொலுசுப் பட்டறைக்காரன் கேட்கிறான். பட்டத்தின் தரம் குறைந்தால் பெற்றவன் கேட்கக் கூடாதா?

நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளுக்கு அஞ்ச மாட்டார்கள். இருக்கிற வசதியில் இரவு பகலாக உழைக்கும் பேராசிரியர்கள் அந்த வளாகத்திலும் உண்டு. மற்ற வளாகங்களிலும் உண்டு. கேட்பார் இருந்தால் அவர்கள் கை வலுக்கும். கேட்பார் இல்லாத இடத்தில்தான் சோம்பல் நாற்காலி போட்டு உட்காரும்.

கதவு திறந்தது முதல் வெற்றி. உள்ளே கிடைப்பது மெய்யான கல்வியாக இருப்பது இரண்டாவது வெற்றி. முதல் போரில் நம் முன்னோர் சிறை சென்றார்கள், அடி பட்டார்கள். இரண்டாவது போருக்குச் சிறை வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் விடாப்பிடியும் போதும். மூட்டையின் மேல் குத்திய முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம், தோழர்களே. தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள்!